ஓக்மான்ட் யு.எஸ். ஓபன் 2025: யார் ஜெயிப்பார்? மைதானம் நல்லதா, வெறும் கொடுமையா?

ஒன்பதாம்குழி | ஜூன் 9, திங்கள், இரவு 9:10

வழக்கம்போல இழையை நானே தொடங்குகிறேன். வியாழக்கிழமை பிட்ஸ்பர்க் பக்கத்து ஓக்மான்ட் கோல்ஃப் மைதானத்தில் யு.எஸ். ஓபன். ஆளுக்கு மூன்று பெயர் எழுதுங்கள். யாருடைய ஆள் மேலே முடிக்கிறாரோ அவருக்கு வெற்றி. பரிசு பழையதுதான்: அடுத்த மேஜருக்கு (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) இழை தொடங்கும் உரிமை, விதியை மாற்றும் அதிகாரம். கூடவே மைதானத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். ஞாயிறு முடிந்ததும் மாற்றலாம், ஆனால் காரணம் வேண்டும்.

என் மூவர்: ஷெஃப்லர், ராம், டிஷாம்போ. ஷெஃப்லருக்குக் காரணம் கேட்பவர் கடந்த ஆறு வாரமாக டிவி பக்கமே போகாதவர். பைரன் நெல்சன் போட்டியில் 8 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் வெற்றி, பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் 5, மெமோரியலில் 4. டிஷாம்போ நடப்புச் சாம்பியன். 2020இல் விங்டு ஃபூட் மைதானத்தில் ஃபேர்வேயைப் (நறுக்கிய புல் பாதை) பற்றிக் கவலையே படாமல் ரஃபிலிருந்து (ஓரத்து உயரப் புல்) அடித்து ஜெயித்த ஆள்.

மைதானத்துக்கு 9. குறைத்த ஒன்று எட்டாம் குழிக்காக. பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய குழி) என்று பெயர், நீளம் 289 கெஜம். சில கிளப்புகளில் அதைப் பார் 4 என்று எழுதி வைத்திருப்பார்கள்.

பங்கர்பாண்டி | ஜூன் 9, இரவு 10:02

அண்ணே, டிஷாம்போ விஷயத்தில் தப்புக் கணக்கு. விங்டு ஃபூட்டில் பல கிரீன்களுக்கு (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரை) முன்பக்கம் திறந்திருக்கும். ரஃபிலிருந்து ஒரு வெட்ஜைத் (பந்தை உயர எழுப்பும் மட்டை) தட்டினால் பந்து உருண்டாவது ஏறும். ஓக்மான்டில் 1, 10, 12 மூன்றும் நம்மைவிட்டு விலகிச் சரியும் கிரீன்கள். ஃபேர்வேயிலிருந்து சுழற்சியோடு அடித்தாலே நிற்காது. ஐந்து அங்குல ரஃபிலிருந்து சுழற்சிக்கு எங்கே போவது? அவ்வளவு தூரம் அடித்துவிட்டுப் பக்கவாட்டில் சிப் பண்ணி ஃபேர்வேக்கு வருவதற்கு அவர் எதற்கு, நான் போதுமே.

என் மூவர்: ஷெஃப்லர், மோரிகாவா, லோரி. லோரிக்கு இங்கே பழைய கணக்கு ஒன்று பாக்கி. 2016இல் கடைசி நாள் காலை நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தார், டஸ்டின் ஜான்சனிடம் விட்டார்.

மைதானம் 10. யு.எஸ். ஓபன் என்றால் இதுதான்.

புதுசு_கண்ணன் | ஜூன் 9, இரவு 10:40

வணக்கம். ரோரி மாஸ்டர்ஸ் ஜெயித்த அன்றைக்குத்தான் முதன்முறையாக கோல்ஃப் முழுசாகப் பார்த்தேன். அதனால் ரோரி. இன்னும் இரண்டு பேர்? ஷெஃப்லர், அப்புறம் ரோரியின் நண்பர் என்பதால் லோரி.

ஒரு சந்தேகம். புகைப்படத்தில் பார்த்தால் மரமே இல்லை, தண்ணீர் இல்லை, பெரிய புல்வெளி மாதிரி இருக்கிறது. இதில் என்ன பயம்?

மீனலோசனி | ஜூன் 10, செவ்வாய், காலை 6:15

கண்ணன், ரோரியை இந்த வாரம் எழுதாதீர்கள். போன வாரம் கனடா ஓபனில், இரண்டு நாள் முடிந்ததும் பின்தங்கியவர்களை வெளியேற்றும் 'கட்'டைக்கூடத் தாண்டவில்லை. டிரைவர் (தூரம் அடிக்கும் மட்டை) மாற்றியதிலிருந்து பந்து எங்கே போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

என் மூவர்: ஷெஃப்லர் (நானும்தான், வேறு வழி?), ஹாட்டன், ராபர்ட் மெக்கின்டயர். மெக்கின்டயருக்குச் சிரிக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் ஓபன் (Oban) என்ற ஊர்க்காரர், இடது கை ஆட்டக்காரர். போன வருடம் கனடா ஓபனை அப்பாவைக் கேடியாக (மட்டைப் பை சுமக்கும் உதவியாளர்) வைத்துக்கொண்டு ஜெயித்தார், அடுத்த மாதமே சொந்த நாட்டில் ஸ்காட்டிஷ் ஓபன். ஒரு குழியில் கெட்டால் அடுத்த குழியில் அழமாட்டார். இந்த மைதானத்துக்கு அது போதும்.

ஆனால் மைதானத்துக்கு 6க்கு மேல் தரமாட்டேன். கஷ்டமாக இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. ரஃபில் விழுந்தால் ஒரே வழி, வெட்டி வெளியே போடு. யோசிக்க ஒன்றும் இல்லை. மரத்தைச் சுற்றி வளைப்பது, தாழ்வாக ஓடவிடுவது, துணிந்து கிரீனுக்கு முயல்வது என்று மீண்டு வரும் ஆட்டம்தானே கோல்ஃபில் அழகு? அதை ஐந்து அங்குலப் புல்லில் புதைத்துவிட்டு, பார் அடித்தால் பெரிய விஷயம் என்கிறார்கள்.

அலெகெனிக்கரை | ஜூன் 11, புதன், காலை 7:50

பிட்ஸ்பர்க்கிலிருந்து. நேற்று பயிற்சி நாளுக்கு டிக்கெட் கிடைத்தது. காலையில் பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு, கான்டீன் புளியோதரையை ஒரு பிடி பிடித்துவிட்டு நேரே மைதானம். இரண்டும் ஒன்றுக்கொன்று பக்கம்தான்.

கண்ணனுக்கு முதலில் மரத்தின் கதை. 1903இல் ஹென்றி ஃபவுன்ஸ் என்ற இரும்புத் தொழிலதிபர் இதை உருவாக்கியபோது வெறும் விவசாய நிலம். வேறு எந்த மைதானத்தையும் அவர் வடிவமைத்ததில்லை. சரியாக அடிக்காத ஒரு ஷாட் திரும்பக் கிடைக்காதபடி போய்விட வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் கொள்கை. பிற்பாடு அழகுக்காக ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். தொண்ணூறுகளில் அது தப்பு என்று உணர்ந்து வெட்டத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று விடியுமுன் விளக்கு வைத்துக்கொண்டு வெட்டி, அடிக்கட்டையையும் தோண்டி, மேலே புல் பதித்து, காலையில் ஒன்றுமே நடக்காதது போல இருந்தார்களாம். இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பதினைந்தாயிரம் மரம் வரை போயிற்று. 2023இல் மைதான வடிவமைப்பாளர் கில் ஹான்ஸ் வந்து பங்கர்களையும் (மணல் குழிகள்) கிரீன்களையும் பழைய அளவுக்கு விரித்துக் கொடுத்தார். இன்று ஒரு மூலையில் நின்றால் மறு மூலை தெரிகிறது. நடுவில் பென்சில்வேனியா டர்ன்பைக் நெடுஞ்சாலை ஓடுகிறது. அதைப் பாலத்தில் தாண்டித்தான் இரண்டிலிருந்து எட்டு வரையுள்ள குழிகளுக்குப் போக வேண்டும். கீழே லாரிகள், மேலே உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர்கள்.

3க்கும் 4க்கும் நடுவே இருக்கும் சர்ச் பியூஸ் (தேவாலய இருக்கைகள்) என்ற பங்கரை நேரில் பார்த்தேன். நூறு கெஜத்துக்கு மேல் நீளம். மணலுக்குள் குறுக்கே புல் மேடுகள், அப்படியே நம் வயல் வரப்பு. வரப்பின் பின்பக்கம் பந்து ஒட்டிக்கொண்டால் பின்னோக்கி அடிப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது ரஃப். ஏழாம் குழிக்குப் பக்கத்தில் ஒரு கேடி ஒரு பந்தைக் கையிலிருந்து நழுவவிட்டார். விழுந்த சத்தமே இல்லை. அவர் காலடியில்தான் கிடக்கிறது. குனிந்து, புல்லை இரண்டு கையாலும் விலக்கி, தலைமுடியில் பேன் பார்ப்பது போலத் தேடி எடுத்தார். புல்லை வெட்டும் இயந்திரங்கள்கூடப் புல்லைப் படுக்கவிடாமல் நிமிர்த்திவிட்டுப் போகின்றன. ஆட்டக்காரர் ஒருவர் முழு பலத்தோடு ஒரு வெட்ஜைச் சுற்றினார். பந்து பதினைந்து கெஜம் போனது, கூடவே ஒரு கைப்பிடிப் புல்லும்.

ஆனால் மீனலோசனி, ரஃபை மட்டும் பார்த்து 6 போடாதீர்கள். இந்த மைதானத்தின் உயிர் கிரீனில் இருக்கிறது. ஓர் ஆட்டக்காரர் கொடியை விட்டுவிட்டு, எதிர்த்திசையில் தேநீர்த் தட்டு அளவு ஓரிடத்தைப் பார்த்து பட் (கிரீனில் பந்தை உருட்டும் தட்டல்) அடித்தார். பந்து அங்கே போய், நின்றுவிட்டது என்று நினைக்கும்போது, மெல்லத் திரும்பிக் குழியை நோக்கி நடக்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற பாட்டி சிரித்துவிட்டார்.

என் மூவர்: ஷெஃப்லர், ராம், ஷாஃப்லே. மைதானம் 9.

பங்கர்பாண்டி | ஜூன் 11, காலை 9:30

கிரீன் வேகம் அளக்கும் ஸ்டிம்ப்மீட்டரே இந்த ஊரால் பிறந்ததுதான். 1935 யு.எஸ். ஓபன் இங்கே நடந்தபோது ஜீன் சராசன் தட்டிய பட் ஒன்று கிரீனைவிட்டே ஓடி பங்கரில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், கிரீன் நியாயமில்லாத வேகத்தில் இருக்கிறது என்று நிரூபிக்க வீட்டுக்குப் போய் ஒரு சின்ன மரச் சரிவுப் பலகை செய்தார். பலகையின் பள்ளத்திலிருந்து பந்தை உருட்டினால் எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்பதுதான் கணக்கு. இந்த வாரம் அந்த எண் 14ஐத் தாண்டும். நாம் ஆடும் மைதானங்களில் 9 இருந்தாலே கண்ணாடி என்கிறோம்.

அந்த வருடம் ஜெயித்தவர் சாம் பார்க்ஸ். அருகிலேயே கிளப் புரொஃபஷனலாக இருந்தவர், கிரீன்கள் மனப்பாடம். நான்கு சுற்றில் 299.

மீனலோசனி | ஜூன் 11, மதியம் 1:05

பாண்டி, நீங்கள் சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். ஸ்டிம்ப்சன் அந்தக் கருவியைச் செய்தது வேகத்தைக் குறைக்க. இப்போது அதை வைத்துக்கொண்டு எவ்வளவு ஏற்றலாம் என்று போட்டி போடுகிறார்கள்.

இன்னொன்று. 1973இல் இங்கே கடைசி நாள் ஜானி மில்லர் 63 அடித்து ஜெயித்தார். முந்தைய மழையில் கிரீன்கள் மெத்தென்று இருந்தன. அடுத்த வருடம் விங்டு ஃபூட்டில் ஹேல் இர்வின் பாருக்கு மேல் 7இல் கோப்பை வாங்கினார். அந்த 63க்குப் பழி வாங்கினார்கள் என்றுதான் அன்றைக்கே பேச்சு. சிறந்தவர்களை அவமானப்படுத்துவது நோக்கமில்லை, அடையாளம் காண்பதே நோக்கம் என்று போட்டியை நடத்தும் யுஎஸ்ஜிஏ தரப்பில் சாண்டி டேட்டம் விளக்கம் சொன்னார். சரி, ஓக்மான்ட் அடையாளம் காண்கிறதா? ஹோகன், நிக்லாஸ், எல்ஸ் ஜெயித்திருக்கிறார்கள். சாம் பார்க்ஸும் ஜெயித்திருக்கிறார்.

ஒன்பதாம்குழி | ஜூன் 11, மதியம் 1:40

நிக்லாஸ் இங்கே 1962இல் ஜெயித்ததுதான் தொழில்முறையில் அவருடைய முதல் வெற்றி. அதுவும் பிளேஆஃபில் (சமநிலையை உடைக்கும் கூடுதல் ஆட்டம்), பக்கத்து லாட்ரோப் ஊர்க்காரரான ஆர்னால்ட் பால்மரை, அவருடைய சொந்தக் கூட்டத்துக்கு முன்னால். இருபத்திரண்டு வயதுப் பையனை அடையாளம் காட்டிய மைதானத்துக்கு 6 அநியாயம், மீனா அக்கா.

புதுசு_கண்ணன் | ஜூன் 13, வெள்ளி, காலை 8:20

நேற்று ராத்திரி முழுக்கப் பார்த்தேன். பேட்ரிக் ரீட் நான்காம் குழியில், 286 கெஜத்திலிருந்து இரண்டாவது ஷாட்டையே குழிக்குள் போட்டுவிட்டார். பார் 5இல் இரண்டு! இதற்கு அல்பட்ராஸ் என்று பெயராம். இவ்வளவு கொடுமை என்றீர்களே?

பங்கர்பாண்டி | ஜூன் 13, காலை 8:45

அதே ரீட் பதினெட்டில் டிரிபிள் போகி (பாரைவிட மூன்று அடி அதிகம்; ஒன்று அதிகமானால் போகி) போட்டதைப் பார்க்காமல் தூங்கிவிட்டீர்களா?

முன்னிலையில் ஜே.ஜே. ஸ்பான், 66, ஒரு போகிகூட இல்லாமல். இந்த இழையில் யாரும் எழுதாத பெயர். மார்ச்சில் பிளேயர்ஸ் போட்டியின் பிளேஆஃபில் ரோரியிடம் தோற்றாரே, தீவு கிரீனைத் தாண்டித் தண்ணீரில் அடித்து, அவர்தான். இதற்கு முன் ஒரே ஒரு யு.எஸ். ஓபன் ஆடியவர். வியாழக்கிழமை வீரர், சனிக்கிழமை காணாமல் போவார்.

ஷெஃப்லர் 73. யானைக்கும் அடி சறுக்கும்.

ஒன்பதாம்குழி | ஜூன் 14, சனி, காலை 8:30

டிஷாம்போ 73, 77. பாருக்கு மேல் 10, நடையைக் கட்டினார். பாண்டி, உங்கள் சொல் பலித்தது, வாய்க்குச் சர்க்கரை.

பங்கர்பாண்டி | ஜூன் 14, காலை 8:50

சர்க்கரையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என் லோரி 79, 78. அதுவும் போகட்டும், பதினான்காம் கிரீனில் பந்துக்குக் குறி வைக்காமலே கையில் எடுத்துவிட்டார். ஒரு ஸ்ட்ரோக் அபராதம். மூளை மரத்துப் போனவன்தான் அப்படிச் செய்வான், இந்த மைதானம் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

சாம் பர்ன்ஸ் 65 அடித்ததைக் கவனித்தீர்களா? மற்றவர்கள் மூச்சு வாங்கும்போது ஒரு மனிதர் 65 அடிக்க முடிகிறது என்றால் மைதானம் நியாயமானதுதான். என் வாதம் முடிந்தது.

மீனலோசனி | ஜூன் 14, காலை 11:20

முடியவில்லை. புயலால் நேற்றைய ஆட்டமே முடியவில்லை, நீங்கள் வாதத்தை முடிக்கிறீர்கள்.

புதுசு_கண்ணன் | ஜூன் 16, திங்கள், அதிகாலை 1:40

யாராவது விழித்திருக்கிறீர்களா? மழை, ஆட்டம் நிறுத்தம். ஸ்பான் முதல் ஆறு குழியில் ஐந்து போகி. இரண்டாம் குழியில் பந்து கொடிக்கம்பத்திலேயே பட்டது, பட்டதால் சுழன்று கிரீனைவிட்டு வெகுதூரம் திரும்பி ஓடி வந்துவிட்டது! நல்ல ஷாட்டுக்கும் தண்டனையா?

மீனலோசனி | ஜூன் 16, அதிகாலை 1:52

விழித்திருக்கிறேன். கொடிக்கம்பம் எந்த மைதானத்திலும் இருக்கும், அதற்கு ஓக்மான்டைத் திட்டமாட்டேன். எட்டாம் குழிக்குத் திட்டுவேன். இன்றைக்கு 301 கெஜம் வைத்திருக்கிறார்கள். பார் 3!

அலெகெனிக்கரை | ஜூன் 16, அதிகாலை 4:05

இங்கே சாயங்காலம். தொண்ணூறு நிமிடத்துக்கு மேல் நின்று மறுபடி தொடங்கியது. எங்கள் தெருவில் சாக்கடை நிரம்பி ஓடுகிறது, அங்கே ஃபேர்வேயில் ஆடுகிறார்கள். ஐந்து பேர் பாருக்கு மேல் 1இல் சமம்: பர்ன்ஸ், ஸ்காட், ஸ்பான், மெக்கின்டயர், ஹாட்டன்.

மீனலோசனி | ஜூன் 16, அதிகாலை 4:07

ஐந்தில் இரண்டு என் ஆட்கள். சொல்லிவைக்கிறேன்.

பங்கர்பாண்டி | ஜூன் 16, அதிகாலை 5:24

வியாழக்கிழமை வீரர் என்று எழுதிய என் கையை என்ன செய்யலாம்?

ஸ்பான் பதினேழில் டிரைவரை எடுத்து ஒரே அடியில் கிரீனில் போட்டார், இரண்டு பட், பேர்டி (பாரைவிட ஒன்று குறைவு). பதினெட்டில் இரண்டு பட்டில் போட்டாலே கோப்பை. 64 அடி தூரம், நனைந்த கிரீன், மேடு ஏறி இறங்கி வளையும் பாதை. கூட ஆடிய ஹோவ்லண்ட் கிட்டத்தட்ட அதே கோட்டிலிருந்து முதலில் தட்டினார், ஸ்பான் அதைக் கண்கொட்டாமல் பார்த்தார். அப்புறம் தட்டினார். பாதி தூரத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். உள்ளே! ஸ்கோரிங் அறையில் உட்கார்ந்திருந்த மெக்கின்டயர் கைதட்டினார் பாருங்கள், தோற்றவர் அப்படிக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

முதல் ஒன்பதில் 40, பின் ஒன்பதில் 32. நான்கு நாளும் சேர்த்து 279, பாருக்குக் கீழே முடித்தவர் அவர் ஒருவரே.

ஒன்பதாம்குழி | ஜூன் 16, காலை 9:15

தூக்கம் போன கண்ணோடு கணக்குப் பார்த்தேன். மெக்கின்டயர் 281, இரண்டாமிடம். ஹோவ்லண்ட் மூன்று. ஷெஃப்லர், ராம், பர்ன்ஸ் மூவரும் ஏழாமிடத்தைப் பங்கிட்டார்கள். ரோரி கடைசி நாள் 67 அடித்து பாருக்கு மேல் 7. ஆக, வெற்றி மீனலோசனிக்கு. அக்கா, அடுத்த இழை உங்களுடையது.

ஒரு செய்தி: ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு ஸ்பான் குழந்தைக்கு வயிற்று உபாதை என்று மருந்துக்கடைக்கு ஓடியிருக்கிறார். அதே நாள் மாலை கோப்பை. அது தந்தையர் தினம் வேறு.

என் மதிப்பெண்ணை 9இலிருந்து 8 ஆக்குகிறேன். காரணம் பதினைந்தாம் குழி. பர்ன்ஸ் ஃபேர்வேயில் சரியாகப் போட்டார், காலை வைத்தால் தண்ணீர் கசிகிறது. தேங்கிய நீர் என்று நிவாரணம் கேட்டார். இரண்டு அதிகாரிகள் வந்து பார்த்து மறுத்தார்கள். பந்து இடப்பக்கம் போனது, டபுள் போகி. அத்தோடு அவர் கதை முடிந்தது.

பங்கர்பாண்டி | ஜூன் 16, காலை 9:40

அண்ணே, அது மழையின் தப்பு, அதிகாரியின் தப்பு. மைதானத்தின் மதிப்பெண்ணில் ஏன் கை வைக்கிறீர்கள்? அதிகாரிகளைப் பற்றிப் பேசினால் 2016ஐப் பேசுங்கள். ஐந்தாம் கிரீனில் பந்து அசைந்ததற்கு, பன்னிரண்டாம் குழியின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) வந்து, அபராதம் இருக்கலாம், பிறகு சொல்கிறோம் என்றார்கள். டஸ்டின் ஜான்சன் ஏழு குழி தன் ஸ்கோர் தெரியாமலே ஆடி ஜெயித்தார். அப்போதும் நான் 10தான் போட்டேன்.

அலெகெனிக்கரை | ஜூன் 16, மாலை 6:30

நானும் 9இலேயே நிற்கிறேன். ஆனால் மீனலோசனி சொன்ன ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். நான்கு நாளில் எனக்கு நினைவில் நிற்பவை எல்லாம் கிரீனிலும் ஃபேர்வேயிலும் நடந்தவை: ரீடின் ஷாட், பதினேழில் ஸ்பானின் டிரைவர், அந்த 64 அடி. ரஃபில் நடந்த ஒன்றுகூட நினைவில்லை. ரஃபை மூன்று அங்குலமாக வெட்டியிருந்தாலும் இதே ஆள்தான் ஜெயித்திருப்பாரோ என்னவோ.

மீனலோசனி | ஜூன் 16, இரவு 8:10

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க வேண்டாமே! அந்தப் பட்டுக்காக 7 ஆக்குகிறேன். எட்டாம் குழியைப் பார் 4 என்று எழுதினால் 8.

அடுத்த மேஜரான தி ஓபன் நடக்கும் போர்ட்ரஷ் இழையை ஜூலை முதல் வாரம் தொடங்குகிறேன். விதி மாற்றம் ஒன்று: ஷெஃப்லரை யாரும் எழுதக் கூடாது. ஐந்து பேரில் ஐந்து பேரும் அவரையே எழுதினால் ஆட்டம் எதற்கு?

பங்கர்பாண்டி | ஜூன் 16, இரவு 8:25

தாராளமாக வையுங்கள். தி ஓபனை அவர் இதுவரை ஜெயித்ததே இல்லை, யாருக்கும் நஷ்டமில்லை.